பிராட்வேயின் மலிவு வரிசை

2025 வசந்தத்தில் நியூயார்க்கின் எத்தெல் பேரிமோர் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நடந்தது. டென்ஸல் வாஷிங்டன் ஒதெல்லோ, ஜேக் ஜில்லென்ஹால் இயாகோ. மேடைக்கு நேரெதிரே இருந்த தரைத்தள நாற்காலிகள் பலவற்றின் விலை 921 டாலர். நம் பணத்தில் அன்று ஏறக்குறைய 78,000 ரூபாய். ஒரே வாரத்தில் 28 லட்சம் டாலர் வசூலானது. பாட்டில்லாத நாடகம் ஒன்றுக்கு பிராட்வே அதுவரை கண்டிராத தொகை. பத்திரிகைகள் வாஷிங்டனின் நடிப்பைப் பற்றி எழுதியதைவிட டிக்கெட் விலையைப் பற்றி எழுதியதுதான் அதிகம்.

அதே பருவத்தில், அதே வட்டாரத்தில், வேறு அரங்குகளின் வாசலில் காலை ஒன்பது மணிக்கே சிலர் வந்து நின்றார்கள். கையில் காபிக் கோப்பை, தோளில் பை, பெரும்பாலும் மாணவர்கள். பத்து மணிக்கு கவுண்டர் திறந்ததும் நாற்பது டாலரைச் சுற்றி ஒரு தொகையைக் கட்டிவிட்டு, அன்று மாலைக் காட்சிக்கான டிக்கெட்டுடன் கிளம்பினார்கள். அவர்களுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் இருநூறு டாலர் கொடுத்திருக்கக்கூடும். இந்த மலிவு டிக்கெட்டுக்கு அங்கே 'ரஷ்' என்று பெயர். முன்பதிவு கிடையாது. இன்றைய காட்சிக்கு இன்றைக்குத்தான் வாங்க முடியும்.

இதைத் தர்மம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. தள்ளுபடி விற்பனை என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. 921 டாலர் நாற்காலியும் 40 டாலர் நாற்காலியும் ஒரே கணக்கின் இரு முனைகள் என்பதுதான் உண்மை.

மாலை ஏறினால் வாடும் சரக்கு

பிராட்வே என்பது ஒரு தெருவின் பெயர்தான். ஆனால் 'பிராட்வே அரங்கு' என்று எண்ணப்படும் 41 அரங்குகளில் பெரும்பாலானவை அந்தத் தெருவில் இல்லை. அதைக் குறுக்கே வெட்டும் நாற்பதுகளின் தெருக்களில் ஒண்டிக்கிடக்கின்றன. ஐந்நூறு இருக்கைகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே முக்கியமான இலக்கணம். நியூயார்க்கில் அதைவிடச் சிறிய அரங்குகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை 'ஆஃப் பிராட்வே', 'ஆஃப் ஆஃப் பிராட்வே' என்ற பட்டியல்களில் சேரும்.

வழக்கமாக வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். திங்கட்கிழமை பல அரங்குகளுக்கு விடுமுறை. நடிகர்கள், வாத்தியக்காரர்கள், மேடைத் தொழிலாளர்கள், அரங்க வாடகை, விளம்பரம் என்று வாரச் செலவு பெரும்பாலும் நிலையானது. ஆயிரம் பேர் வந்தாலும் அறுநூறு பேர் வந்தாலும் அந்தச் செலவு குறையாது. இந்த நிலையில் திரை உயரும்போது காலியாக இருக்கும் நாற்காலியின் மதிப்பு பூஜ்யம். இரவு பத்து மணிக்குப் பூக்காரம்மாவின் கூடையில் மிஞ்சிய மல்லிகையைப் போலத்தான் அது. முழம் என்ன விலைக்குப் போனாலும் லாபம்.

அப்படியானால் எல்லா டிக்கெட்டையும் மாலையில் மலிவாக விற்றுவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். கடைசி நேரத்தில் விலை குறையும் என்று தெரிந்துவிட்டால் முன்கூட்டியே முழு விலை கொடுப்பவன் யார்? ஆகவே மலிவு டிக்கெட்டை வாங்குவதைக் கொஞ்சம் கடினமாக்கி வைக்க வேண்டும். நேரில் வர வேண்டும், காலையிலேயே வர வேண்டும், கிடைக்குமா என்ற உறுதி இருக்காது, கிடைத்தாலும் ஓர் ஆளுக்கு இரண்டுதான், எந்த இடம் என்று கேட்கக் கூடாது. பணம் உள்ளவர் இத்தனை தொல்லைக்கு வரமாட்டார். பணம் இல்லாமல் ஆசை மட்டும் உள்ளவர் வந்துவிடுவார். ஆளைப் பார்த்து விலை சொல்ல முடியாத இடத்தில், ஆள் தானாகவே பிரிந்து நிற்கும்படி செய்யும் ஏற்பாடு இது.

மேல்முனையின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 2001-ல் 'தி புரொட்யூசர்ஸ்' என்ற இசை நாடகத்துக்கு அப்படியொரு கூட்டம். நூறு டாலர் டிக்கெட்டை பிளாக்கில் பல மடங்குக்கு விற்றார்கள். அந்தப் பணம் பிளாக்காரனுக்கு ஏன் போக வேண்டும், நமக்கே வரட்டுமே என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். நல்ல இருக்கைகள் சிலவற்றுக்கு அவர்களே 480 டாலர் என்று விலை வைத்தார்கள். அன்று ஊரே அதிர்ந்தது. இன்று எல்லாரும் செய்கிறார்கள். 2024-25 பருவத்தில் பிராட்வேயின் மொத்த வசூல் 189 கோடி டாலர்; வந்த தலைகள் 1 கோடியே 47 லட்சம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 130 டாலரை ஒட்டி வருகிறது. அந்தச் சராசரிக்குள்தான் 921-ம் இருக்கிறது, 40-ம் இருக்கிறது.

மருந்துக்கடையின் நிலவறை

மலிவு டிக்கெட் புதிய சங்கதி என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய ஜோ லெப்ளாங் என்பவர் மன்ஹாட்டனில் சின்னதாக ஒரு புகையிலைக் கடை வைத்திருந்தார். கடையின் கண்ணாடியில் நாடக போஸ்டர் ஒட்ட அனுமதித்தால், நாடகக் கம்பெனி இரண்டு இலவச பாஸ் கொடுக்கும். அந்தப் பகுதியில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் பாஸ் உண்டு. ஆனால் கடையைப் பூட்டிவிட்டு நாடகம் பார்க்க எத்தனை பேரால் முடியும்? லெப்ளாங் அந்த பாஸ்களைச் சொற்ப விலைக்கு வாங்கி, கொஞ்சம் கூட்டி விற்றார். வியாபாரம் பெருகியது. பிறகு டைம்ஸ் சதுக்கத்தில் 43-ஆவது தெரு முனையில், கிரேஸ் மருந்துக்கடையின் நிலவறைக்குக் குடிபோனார். நாடகக்காரர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுகளைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

'ஏபீஸ் ஐரிஷ் ரோஸ்' என்ற நகைச்சுவை நாடகம் 1922 மே மாதம் தொடங்கியபோது விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். யூதப் பையன், ஐரிஷ் கத்தோலிக்கப் பெண், காதல் கல்யாணம், இரண்டு அப்பாக்களின் கூச்சல். எழுதிய ஆன் நிக்கல்ஸ் அம்மையார்தான் தயாரிப்பும். கூட்டமில்லாத ஆரம்ப வாரங்களில் லெப்ளாங்கின் நிலவறை டிக்கெட்தான் அந்த நாடகத்தைத் தூக்கி நிறுத்தியது. அரைவிலைக்குப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் அண்டை அயலாரிடம் சொன்னார்கள். நாடகம் ஐந்து ஆண்டுக்கும் மேல், 2,327 காட்சிகள் ஓடியது. காலி நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர் பணம் மட்டும் கொண்டுவருவதில்லை, வாயையும் கொண்டுவருகிறார் என்பதை நாடகத் தொழில் அப்போது கற்றுக்கொண்டது.

லெப்ளாங் 1931-ல் இறந்தார். அவருடைய நிலவறை செய்த வேலையை மீண்டும் ஒரே இடத்தில் முறையாகச் செய்ய 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாளில் டைம்ஸ் சதுக்கம் குடும்பத்தோடு போகிற இடமாக இல்லை. 42-ஆவது தெரு முழுக்க ஆபாசப்பட அரங்குகள். நாடகங்களுக்குக் கூட்டம் சரிந்துகிடந்தது. அந்த ஜூன் 25-ஆம் தேதி, தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு டைம்ஸ் சதுக்கத்தின் வடமுனையான டஃபி சதுக்கத்தில் ஒரு டிரெய்லரை நிறுத்தியது. மேலே இரும்புக் குழாயும் துணியுமாக 'டிகேடிஎஸ்' என்று பெரிய எழுத்து. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. 2008-ல் அதே இடத்தில் சிவப்புக் கண்ணாடிப் படிகள் எழுந்தன. இன்று டைம்ஸ் சதுக்கம் போகும் நம்மவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து செல்ஃபி எடுக்கும் அந்த 27 படிகள், உண்மையில் ஒரு டிக்கெட் கடையின் கூரை. ஏறி உட்கார்பவர்களில் பலருக்குக் கீழே விற்பனை நடப்பது தெரியாது.

அங்கே அன்றன்று மிஞ்சும் இருக்கைகளை 20 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடியில் விற்கிறார்கள். சிறு சேவைக் கட்டணம் உண்டு. மின்பலகையில் நாடகப் பெயர்கள் ஓடும். பாட்டில்லாத நாடகம் மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனி கவுண்டர். அங்கே வரிசை எப்போதும் குட்டையாக இருக்கும். ஒருமுறை வாங்கியவர் ஏழு நாட்களுக்குள் பழைய டிக்கெட்டைக் காட்டினால் வரிசையில் நிற்காமலே அடுத்ததை வாங்கலாம். இந்தச் சலுகையைச் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

நடைபாதையில் படுத்தவர்கள்

ஆனால் அரைவிலையும் எல்லாருக்கும் எட்டுவதில்லை. இருநூறில் பாதி நூறு. கையில் இருபது மட்டும் உள்ளவனுக்கு என்ன வழி? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது 1996-ல் வந்த 'ரென்ட்'.

நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் வாடகை கட்ட வழியில்லாத இளம் கலைஞர்கள், போதை, எய்ட்ஸ், காதல். எழுதி இசையமைத்த ஜொனாதன் லார்சன், ஓர் உணவகத்தில் பல ஆண்டுகள் பரிமாறிக்கொண்டே இதை உருவாக்கியவர். சிறிய அரங்கில் முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவிருந்த சமயத்தில், 1996 ஜனவரி 25-ஆம் தேதி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிந்து இறந்துபோனார். வயது 35. நாடகம் அந்த ஏப்ரல் 29-ல் பிராட்வேயின் நெடர்லாண்டர் அரங்குக்கு வந்தது. புலிட்சர் பரிசும் கிடைத்தது.

இப்போது தயாரிப்பாளர்கள் ஜெஃப்ரி செல்லருக்கும் கெவின் மெக்கல்லமுக்கும் ஒரு தர்மசங்கடம். வாடகை கட்ட முடியாதவர்களைப் பற்றிய நாடகத்தை வாடகை கட்ட முடியாதவர்கள் பார்க்க முடியவில்லை. செல்லர் மிச்சிகனில் பணமில்லாத குடும்பத்தில் வளர்ந்தவர். டிக்கெட் விலை என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. முதல் இரண்டு வரிசையை 20 டாலருக்கு, அன்றைய காட்சிக்கு அன்றே, முதலில் வருபவருக்கு என்று அறிவித்தார்கள்.

கவனிக்க வேண்டியது இடம். மலிவு டிக்கெட் என்றால் கடைசி பால்கனி, தூணுக்குப் பின்னால் என்பதுதான் உலக வழக்கம். இவர்கள் முன்வரிசையைக் கொடுத்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் நடிகர்களின் காலடியில் உட்கார்ந்து, கூடவே பாடி, அழுது, எழுந்து கைதட்டும்போது, பின்னால் முழு விலை கொடுத்து வந்து கைகட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சூடு பிடித்துக்கொள்கிறது. தயாரிப்பாளர்களின் தாராள மனசைப் பாராட்டலாம். அதைவிட அதிகமாக அவர்களுடைய தொழில் புத்தியைப் பாராட்ட வேண்டும்.

பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. காலை வரிசை விடியற்காலை வரிசையானது. விடியற்காலை வரிசை முதல்நாள் இரவு வரிசையானது. 41-ஆவது தெரு நடைபாதையில் படுக்கைப் பையை விரித்துத் தூங்கினார்கள். 'ரென்ட்ஹெட்' என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அன்றைய டைம்ஸ் சதுக்கத்துத் தெருவில் இரவெல்லாம் கிடப்பது தயாரிப்பாளர்களுக்குக் கவலையைக் கொடுத்தது. 1997-ல் வரிசையை ஒழித்துவிட்டு, மாலையில் சீட்டுக் குலுக்கும் முறைக்கு மாறினார்கள். பெயரை எழுதிப் போடு, வந்தால் உன் அதிர்ஷ்டம். பிராட்வேயில் லாட்டரி ஒரு வழக்கமாக வேர்பிடித்தது அங்கிருந்துதான். 'விக்கெட்', 'அவென்யூ க்யூ', 'தி புக் ஆஃப் மார்மன்' என்று வரிசையாக எல்லாரும் பின்பற்றினார்கள்.

பத்து டாலரும் ஐம்பதாயிரம் பேரும்

1997 ஜனவரியில், தன் பதினேழாவது பிறந்தநாளுக்கு 'ரென்ட்' பார்க்கப் போய் பின்வரிசையில் உட்கார்ந்த ஒரு நியூயார்க் பையன், நம் காலத்து மனிதர்களைப் பற்றி நம் காலத்து இசையில் நாடகம் எழுதலாம் போலிருக்கிறதே என்று வீடு திரும்பினான். பெயர் லின் மானுவல் மிராண்டா. பிற்பாடு அவருடைய நாடகங்களைத் தயாரித்ததும் அதே ஜெஃப்ரி செல்லர்தான்.

2015 ஜூலை 13-ல் மிராண்டாவின் 'ஹாமில்டன்' 46-ஆவது தெருவின் ரிச்சர்ட் ரோட்ஜர்ஸ் அரங்கில் முன்னோட்டக் காட்சிகளைத் தொடங்கியது. அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் படம் பத்து டாலர் நோட்டில் இருக்கிறது. எனவே முன்வரிசையின் 21 இருக்கைகளுக்கு விலை பத்து டாலர். ஹாமில்டனைக் கொடு, 'ஹாமில்டன்' பார். முதல் நாள் குலுக்கலுக்கே எழுநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். எழுநூறில் 21 போனால் மிச்சமுள்ளவர்கள் ஏமாற்றத்தோடு திரும்ப வேண்டும். மிராண்டா ஒலிபெருக்கியோடு வாசலுக்கு வந்து நன்றி சொன்னார். பிறகு அதுவே பழக்கமாகி, குலுக்கலுக்கு முன் நடைபாதையிலேயே ஐந்து நிமிட நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார்கள். நடிகர்கள் வேடத்தை மாற்றிப் பாடினார்கள். பக்கத்து அரங்குகளின் நட்சத்திரங்கள் வந்து பாடிவிட்டுப் போனார்கள். டிக்கெட் கிடைக்காது என்று தெரிந்தே அந்த ஐந்து நிமிடத்துக்காக வந்தவர்கள் உண்டு. தெரு அடைத்தது, கார்கள் நின்றன.

குளிர்காலம் வந்ததும் குலுக்கலை இணையத்துக்கு மாற்றினார்கள். 2016 ஜனவரி 5-ஆம் தேதிக் காட்சிக்கு ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் முண்டியடிக்க, இணையதளம் படுத்துவிட்டது. 21 இருக்கைக்கு ஐம்பதாயிரம் என்றால், ஒரு நாற்காலிக்கு ஏறத்தாழ 2,400 பேர். அந்த ஆண்டு ஜூனில் தயாரிப்பாளர்கள் இரண்டு அறிவிப்புகளைச் சேர்த்தே வெளியிட்டார்கள்: உயர்ந்த டிக்கெட்டின் விலை 849 டாலராகிறது, பத்து டாலர் இருக்கைகள் 21-லிருந்து 46 ஆகின்றன. மேலே ஏற்றியதற்கான கண்டனத்தைக் கீழே கூட்டியது தாங்கிக்கொண்டது. இரண்டு முனையும் ஒரே கணக்கு என்று முதலில் சொன்னதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டாம்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலை கவுண்டரில் கிடைக்கும் ரஷ் டிக்கெட், பெரும்பாலும் விற்காமல் மிஞ்சக்கூடிய இருக்கை. லாட்டரி டிக்கெட் அப்படியல்ல; எத்தனை விலை வைத்தாலும் விற்றுவிடக்கூடிய இருக்கையை வேண்டுமென்றே மலிவாகக் கொடுப்பது. முன்னது சரக்கு தீர்க்கும் வேலை, பின்னது பெயர் சம்பாதிக்கும் வேலை. ஆகவே, எந்த நாடகம் காலையில் தாராளமாக ரஷ் கொடுக்கிறதோ அது அந்த வாரம் கூட்டத்துக்குத் தவிக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். தவிக்கும் நாடகம் மோசமான நாடகம் என்று அர்த்தமில்லை. நட்சத்திரம் இல்லாத நல்ல நாடகங்கள் பலவும் பிராட்வேயில் தவிக்கத்தான் செய்கின்றன.

நியூஜெர்சிக்குப் போகும் அப்பா அம்மாக்களுக்கு

மகனையும் மருமகளையும் பார்க்க எடிசனுக்கும் ஜெர்சி சிட்டிக்கும் போய் ஆறு மாதம் தங்கும் நம் ஊர்ப் பெற்றோர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு சன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். நேரம் ஏராளம், டாலரைச் செலவழிக்க மனசு வராது. ரஷ் டிக்கெட் என்ற ஏற்பாடு யாருக்காக உண்டாக்கப்பட்டது என்று கேட்டால், மாணவர்களுக்கு அடுத்து இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை பகல் காட்சி இவர்களுக்கு வசதி. பெரும்பாலும் இரண்டு மணிக்குத் தொடங்கும். முடிந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்தால் இரவுச் சாப்பாட்டுக்குள் வீடு. நியூஜெர்சி பஸ்கள் வந்து நிற்கும் போர்ட் அதாரிட்டி நிலையத்திலிருந்து டைம்ஸ் சதுக்கம் நடந்துபோகிற தூரம். கவுண்டர்கள் பொதுவாகத் திங்கள் முதல் சனி வரை காலை பத்து மணிக்கும், ஞாயிறன்று நண்பகலிலும் திறக்கும். ஒவ்வொரு நாடகத்துக்கும் விதி வேறு. சிலவற்றில் எல்லாருக்கும் ரஷ். சிலவற்றில் மாணவர் அட்டை இருந்தால்தான். சிலவற்றில் இரண்டுமே இல்லை, கைபேசி லாட்டரி மட்டும். கிளம்புமுன் அந்த நாடகத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும். கூகுளில் தேடினால் மேலே வந்து நிற்பது மறுவிற்பனைக் கடைகள்தான். அரங்கின் பெயரைப் போட்டுக்கொண்டு இரட்டை விலை கேட்பார்கள். டைம்ஸ் சதுக்கத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, "பிராட்வே ஷோ வேண்டுமா சார்" என்று வருபவர்களைச் சிரித்துவிட்டுக் கடந்துபோவது நல்லது.

கிடைக்கும் இடத்தைப் பற்றி ஆசை வைக்கக் கூடாது. ஓரப் பெட்டியில் உட்கார்ந்தால் மேடையின் கால்பகுதி மறையும். முதல் வரிசையென்றால் கழுத்து வலிக்கும், ஆனால் நடிகரின் நெற்றி வியர்வை தெரியும். இரண்டு டிக்கெட்டும் அடுத்தடுத்து இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை; நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் இரண்டரை மணி நேரம் தனித்தனியாக உட்கார்ந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். பல அரங்குகள் நூறு வயதை நெருங்கியவை அல்லது தாண்டியவை. மேல்தளத்துக்கு லிஃப்ட் இல்லாதவையே அதிகம். கழிப்பறை கீழே, நாற்காலி மேலே என்று இருக்கும். கவுண்டரில் படியேற முடியாது என்று சொன்னால் பெரும்பாலும் தரைத்தளமாகத் தேடிக்கொடுப்பார்கள்.

ஹவுஸ்ஃபுல் நாடகமாக இருந்தால் நின்று பார்க்கும் டிக்கெட் சில அரங்குகளில் உண்டு. தரைத்தளத்தின் பின்சுவரை ஒட்டி எண் போட்ட இடம். எல்லா நாற்காலியும் விற்ற பிறகுதான் கொடுப்பார்கள். பார்வை பல சமயம் ஓரப் பெட்டியைவிட நன்றாக இருக்கும். இளையவர்களுக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

மாதங்களில் ஜனவரியும் பிப்ரவரியும் சிறந்தவை. கிறிஸ்துமஸ் கூட்டம் வடிந்து, குளிர் உறைக்கும்போது அரங்குகள் காலியாகும். டிசம்பர் கடைசி வாரத்தில் போய் ரஷ் கேட்டால் சிரிப்பார்கள்.

காலா, அதிர்ஷ்டமா

இன்று பெரும்பாலான வரிசைகள் கைபேசிக்குள் போய்விட்டன. 2013-ல் தொடங்கிய டுடேடிக்ஸ் செயலி, காலையில் குறித்த நேரத்தில் கதவைத் திறக்கும். யார் விரல் முந்துகிறதோ அவருக்கு ரஷ் டிக்கெட். ஆரம்ப ஆண்டுகளில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: சமூக ஊடகத்தில் விளம்பரமாகப் பகிர்ந்தால்தான் கதவே திறக்கும். லாட்டரிகளுக்கு முந்தின நாளே பெயரும் மின்னஞ்சலும் கொடுக்க வேண்டும். கிடைக்காதவர்களின் முகவரிகளும் நிறுவனத்தின் கையில் தங்கிவிடுகின்றன. பத்து டாலர் டிக்கெட்டின் பேரால் சேரும் முகவரிப் பட்டியலின் மதிப்பு பத்து டாலருக்கு மேல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வரிசை நல்லதா, குலுக்கல் நல்லதா என்ற வாதம் நியூயார்க்கில் ஓய்ந்தபாடில்லை. வரிசை, ஆசையின் அளவைக் காலால் அளக்கிறது. ஆனால் காலையில் நாலு மணி நேரம் நிற்க முடிபவன் மாணவனோ வேலையில்லாதவனோதான். இரண்டு வேலை பார்க்கும் செவிலிக்கு அந்த வரிசையில் இடமில்லை. குலுக்கல் அவளுக்கும் இடம் கொடுக்கிறது. கூடவே நாடகத்தின் பெயரைக்கூடச் சரியாகப் படிக்காமல் எல்லா லாட்டரியிலும் பொத்தானை அழுத்துகிறவனுக்கும் கொடுக்கிறது. வரிசையில் வேறு ஒரு கோளாறு: கூலிக்கு நிற்பவர்கள். மணிக்கு இத்தனை டாலர் என்று வாங்கிக்கொண்டு உங்களுக்காக நிற்க ஆட்களை அனுப்பும் தொழில் நியூயார்க்கில் உண்டு. யாராவது ரத்து செய்த 'ஹாமில்டன்' டிக்கெட் கிடைக்குமா என்று நிற்கும் வரிசையில் அவர்கள்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் காலத்தால் செலுத்தும் விலையும் பணமாகிவிடுகிறது. இருந்தாலும் என் ஓட்டு வரிசைக்குத்தான். முன்பின் தெரியாதவர்கள் மூன்று மணி நேரம் நாடகம் பேசிக்கொண்டு நிற்கும் இடம் அது. செயலியில் தோற்றவனுக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் வரும்.

இந்த வாதத்தை அடியோடு தாண்டிப்போனவர் நாடகத் தயாரிப்பாளர் ஜோசப் பேப். சென்ட்ரல் பூங்காவில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை இலவசமாகவே நடத்தினார். 1959-ல் நகரப் பூங்காக்களின் சர்வாதிகாரியாக இருந்த ராபர்ட் மோசஸ், கூட்டம் மிதித்துப் புல் அழிகிறது, அதற்குச் செலவாகிறது, ஆகவே டிக்கெட் போடு என்றார். பேப் மறுத்தார், வழக்குப் போட்டு வென்றார். 1962-ல் அதே பூங்காவில் டெலகார்ட் திறந்தவெளி அரங்கு எழுந்தது. அன்றுமுதல் கோடையில் இலவச டிக்கெட். காலை ஆறு மணிக்குப் பூங்கா திறப்பதற்கு முன்பே வெளியே வரிசை நிற்கும். நண்பகலில் டிக்கெட் கொடுப்பார்கள். பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு 2025 ஆகஸ்டில் அரங்கு மீண்டும் திறந்தது. பணம் வாங்காத இடத்திலும் வரிசை நீள்வதைப் பார்த்தால், மனிதர்கள் நாடகத்துக்கு ஏதோ ஒரு விலை கொடுக்கத் தயாராகவே இருக்கிறார்கள் போலிருக்கிறது.

லண்டன் இந்த விஷயத்தில் நியூயார்க்கைவிடக் கொஞ்சம் தாராளம். லெஸ்டர் சதுக்கத்தில் 1980 முதல் அரைவிலைக் கடை இருக்கிறது. தேம்ஸ் கரையில் 1997-ல் திறந்த ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்கில் எழுநூறு பேர் முற்றத்தில் நின்றபடி பார்க்கலாம். பல ஆண்டுகள் அதன் விலை ஐந்து பவுண்டு. ஷேக்ஸ்பியர் காலத்தில் அந்த மாதிரி முற்றத்துக்கு ஒரு பென்னி. அரசு உதவி பெறும் நேஷனல் தியேட்டர், வெள்ளிக்கிழமை பகலில் அடுத்த வாரக் காட்சிகளுக்கு மலிவு டிக்கெட்டுகளைத் திறந்துவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. மார்க் ரைலன்ஸ் நடித்த 'ஜெருசலேம்' அப்பல்லோ அரங்குக்கு வந்தபோது அன்றைய டிக்கெட்டுக்காக ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் இரவெல்லாம் கிடந்தார்கள். வரிசை என்றால் ஆங்கிலேயருக்குச் சொல்லித்தர வேண்டுமா!

நம் ஊர்க் கதைகளும் அந்த மேடைகளுக்கு வந்து போயிருக்கின்றன. ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே டிரீம்ஸ்' லண்டனில் 2002-ல் தொடங்கி நன்றாக ஓடியது. 2004 ஏப்ரலில் பிராட்வேக்குப் போய், அடுத்த புத்தாண்டு நாளோடு முடிந்தது. பாண்டிச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' 2023 மார்ச் இறுதியில் பிராட்வேயில் திறந்தது; இலங்கையில் பிறந்த ஹிரன் அபேசேகர நாயகன். நடுக்கடலில் பொம்மைப் புலி உயிரோடு உறுமியது. அந்த ஜூலையிலேயே மூடிவிட்டார்கள். 2024 செப்டம்பரில் சக்திதரன் எழுதிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' நியூயார்க்குக்கு வந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைக் கதை. மேடையில் தமிழும் சிங்களமும் பேசினார்கள்; மற்ற நடிகர்கள் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். சில வாரங்கள்தான் நடந்தது.

'விக்கெட்' இருபது ஆண்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் லாட்டரியில் இந்த வாரம் விழாவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். நம்மவர் கதை சொல்லும் நாடகங்களுக்கு அப்படிக் காத்திருக்க முடியாது. விலை குறையட்டும் என்று நாலு நாள் பொறுத்தால் அரங்கில் வேறு நாடகத்தின் போஸ்டர் ஏறியிருக்கும். எடிசனிலோ கனடாவின் ஸ்கார்பரோவிலோ லண்டனின் ஹாரோவிலோ இருப்பவர்கள், தமிழ் பேசும் ஒரு மேடை தங்கள் ஊருக்கு வருவதாகக் கேள்விப்பட்டால், இந்தக் கட்டுரையில் சொன்ன சாமர்த்தியங்களை எல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு, முதல் வாரமே முழு விலை கொடுத்து வாங்கிவிடுங்கள்.